பச்சோந்தியின் தாகம்



உடலின் நீளத்தையும் மிஞ்சும் நாக்கு இருந்தும், நா வறண்டு சாகும் ஒரு பிராணியைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். அதன் கூண்டில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்கும். ஆனால் அது குடிக்காது. ஒரு நாள் போகும், இரண்டு நாள் போகும், ஒரு வாரமும் போகும். கண்கள் குழி விழுந்து, தோல் சுருங்கி, பிடித்த கிளையை விடாமலே ஒரு நாள் அது உயிரை விட்டுவிடும். அந்தப் பிராணிதான் பச்சோந்தி.

"தோட்டத்தில் பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைக்கும் நமக்கும் பச்சோந்திக்கும் என்ன சம்பந்தம், வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. எங்கள் தோட்டப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவன் ஆண்டுக்கொரு முறையாவது வேலியில் பிடித்த ஓணானை மைலோ டின்னில் போட்டுக் கொண்டுவருகிறான். உள்ளே ஒரு சிறு மூடியில் தண்ணீரும் வைத்திருப்பான். "சார், இது தண்ணியே குடிக்க மாட்டேங்குது" என்பதுதான் அவன் குறை. இது ஒன்று.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது கைப்பேசித் திரையில் உலகத்துப் பிராணிகள் எல்லாம் நம் லயத்து வாசலுக்கே வந்துவிடுகின்றன. நீலமும் சிவப்பும் பச்சையுமாக நிறம் மாறும் பச்சோந்தியைப் பார்க்கும் பிள்ளை, "எனக்கும் ஒன்று வேண்டும்" என்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் சித்தப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார். அவர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே ஆசை. தீபாவளிக்குத் துணி எடுக்கச் சிராங்கூன் ரோட்டுக்குப் போகும்போது, அன்பளிப்பாக ஒரு பிராணியைப் பையில் வைத்து எடுத்துச் செல்லலாமா என்று எண்ணுகிறவர்களும் இல்லாமல் இல்லை. அது எத்தகைய ஆபத்து என்பதையும் இந்தப் பேச்சின் பிற்பகுதியில் கூறுகிறேன். முதலில், பச்சோந்தி என்பது எது, அது ஏன் தண்ணீர் குடிக்க மறுக்கிறது என்று பார்ப்போம்.

நேயர்களே, நம்மில் பலர் வேலியில் ஓடும் ஓணானையே பச்சோந்தி என்று அழைக்கிறோம். மலாய்க்காரர்கள் அதை "சும்பா சும்பா" என்பார்கள். அதுவும் ஓரளவு நிறம் மாறும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் செக்கச் செவேலென்று ஆகிவிடும். அதைப் பார்த்துத்தான் "ஓணான் இரத்தம் உறிஞ்சும்" என்று நம் பாட்டிமார்கள் பயமுறுத்தினார்கள். அது இரத்தம் உறிஞ்சுவதில்லை. பூச்சிகளைத் தின்று வாழும் சாதுவான பிராணி அது.

உண்மையான பச்சோந்தி வேறு. அதன் கண்கள் கூம்பு போலப் பிதுங்கி நிற்கும். ஒரு கண் முன்னே பார்த்தால், மற்றது பின்னே பார்க்கும். விரல்கள் இரு பிரிவாகச் சேர்ந்து, குறடு போலக் கிளையைப் பற்றும். வாலைச் சுருட்டிக்கொள்ளும். ஓணானைப் போல ஓடாது. காற்றில் ஆடும் இலையைப் போல முன்னும் பின்னும் அசைந்து அசைந்து நடக்கும். உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழப் பாதி, ஆப்பிரிக்காவுக்கு அருகிலுள்ள மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. இந்தியாவில் இருப்பது ஒரே ஓர் இனம். தமிழ்நாட்டின் காடுகளிலும் புதர்களிலும் அது உண்டு. இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் உண்டு. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இயற்கையாக வாழும் பச்சோந்தி ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் சிங்கப்பூரில் தேக்காவைச் சுற்றியுள்ள செடிகொடிகளிலும், அடுக்குமாடி வீடுகளின் அடியிலுள்ள புல்வெளிகளிலும் தென்படுவது எது? அது நம் வேலி ஓணானேதான். அதுவும் சிங்கப்பூரின் பூர்வகுடி அன்று. வடக்கே தாய்லாந்து, மலேசியாவின் வட பகுதி ஆகிய இடங்களிலிருந்து 1980களில் அங்கே வந்து சேர்ந்தது. சிங்கப்பூருக்கே உரியது, பளிச்சென்ற பச்சை நிறமும் தலையில் கொண்டையும் உடைய வேறோர் ஓணான். வந்தேறி ஓணான் பெருகிய பிறகு, அந்தப் பச்சை ஓணான் பூங்காக்களில் அருகிக் காட்டுப்பகுதிகளுக்கு ஒதுங்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். வெளியூர்ப் பிராணி ஒன்று புதிய இடத்தில் கால் ஊன்றினால் என்ன நேரும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, தாகத்துக்கு வருவோம். கிண்ணத்துத் தண்ணீரைப் பச்சோந்தி ஏன் குடிப்பதில்லை?

பச்சோந்தி மரத்தில் வளர்ந்து, மரத்திலேயே உறங்கும் பிராணி. பெரும்பாலான இனங்களில் பெண் முட்டையிடுவதற்கு மட்டும் தரைக்கு இறங்கும். குளத்தையோ ஓடையையோ தேடி அது போவதில்லை. அது அறிந்த தண்ணீர், விடியற்காலையில் இலை நுனியில் தொங்கும் பனித்துளி. மழை பெய்யும்போது இலையிலிருந்து இலைக்குச் சொட்டும் துளி. ஒளி பட்டு மின்னுவதும், அசைவதும், சொட்டுவதும்தான் அதன் கண்ணுக்குத் தண்ணீர். அசையாமல் கிண்ணத்தில் கிடக்கும் தண்ணீர் அதற்குத் தண்ணீராகவே தெரிவதில்லை. நாம் "குடிக்க மறுக்கிறது" என்று நினைக்கிறோம். உண்மையில், தண்ணீர் அங்கே இருப்பதையே அது அறியவில்லை.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீங்கள் ஏன் இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்குப் போய், விடிவதற்குள் வெட்டத் தொடங்குகிறீர்கள்? இரவெல்லாம் மரம் வேரின் வழியே நீரை ஏற்றி நிறைத்து வைத்திருக்கிறது. அப்போது வெட்டினால் பால் மங்கில் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற, இலைகள் நீரை ஆவியாக விட்டுவிடுகின்றன. பால் ஓட்டமும் குறைகிறது. மரத்துக்கு ஒரு நேரம் இருப்பதுபோலப் பச்சோந்திக்கும் ஒரு நேரம் உண்டு. பனித்துளி காயாமல் இருக்கும் காலைப் பொழுதே அதற்குத் தண்ணீர்ப் பொழுது. அந்த நேரம் தவறினால், அடுத்த மழை வரை அது காத்திருக்க வேண்டியதுதான்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அத்தனை மழை கொட்டும் ஊரில் ஒரு பிராணி தாகத்தால் சாக முடியுமா? முடியும். அடுக்குமாடி வீட்டுக்குள் பனி இறங்குவதில்லை, மழைத்துளி சொட்டுவதில்லை. குளிர்சாதனப் பெட்டி ஓடினால் அறையின் ஈரமும் வற்றிவிடுகிறது. சன்னலுக்கு வெளியே அடைமழை பெய்துகொண்டிருக்கும். உள்ளே கூண்டில் பச்சோந்தியின் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

சரி, பிராணிக்குத் தாகம் என்பதை எப்படி அறிவது? அது வாய்விட்டுக் கேட்காது. ஆனால் நான்கு அடையாளங்களால் சொல்லும்.

முதலாவது, கண். நலமாக உள்ள பச்சோந்தியின் கண் மேடு நிறைவாகப் பிதுங்கி நிற்கும். நீர் குறைந்தால் அது உள்ளே குழிந்துவிடும். பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் உடல்நிலை மோசம் என்று பொருள்.

இரண்டாவது, எச்சம். நம் வீட்டுச் சுவரில் பல்லி எச்சமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பாக ஒரு துண்டு; அதன் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு. அந்த வெள்ளைப் பொட்டுதான் பல்லியின் சிறுநீர்க் கழிவு. நீரை வீணாக்காமல் இருப்பதற்காகக் கழிவை நீராக வெளியேற்றாமல் களி போலக் கெட்டியாக்கி வெளியேற்றுகிறது. பச்சோந்திக்கும் அப்படித்தான். அந்தப் பகுதி வெள்ளையாக இருந்தால் நீர் போதும். மஞ்சளாகி, ஆரஞ்சுப் பழ நிறத்துக்குப் போனால் நீர் போதவில்லை.

மூன்றாவது, தோல். விலாப் பக்கத்துத் தோல் தளர்ந்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கும்.

நான்காவது, நாக்கு. பச்சோந்தி நாக்கை அம்பு போல எய்து பூச்சியைப் பிடிக்கும். வாயில் ஈரம் வற்றினால் எச்சில் பசை போலாகிவிடும். குறி தவறும், சில வேளைகளில் நாக்கை நீட்டவே மாட்டாது. "இரை எடுக்கவில்லை" என்று பலர் தீனியை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். குறை தீனியில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

இனி, தண்ணீர் கொடுக்கும் முறையைக் கூறுகிறேன். சட்டப்படி வளர்க்க அனுமதி உள்ள நாடுகளில் அனுபவம் மிக்கவர்கள் கையாளும் முறை இது. வேலி ஓணான் ஒன்று காயம்பட்டு உங்கள் கைக்கு வந்து, வைத்தியரிடம் சேர்க்கும்வரை காக்க நேர்ந்தாலும் இதே முறை உதவும். மரத்தில் வாழும் ஓணானும் இலையில் நிற்கும் துளியை நக்கிக் குடிப்பதுதான்.

தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, கூண்டில் உயிருள்ள செடி வையுங்கள். செம்பருத்திச் செடி மிக நல்லது. அகலமான இலைகளில் துளி தங்கும். பிராணி மறைந்துகொள்ளவும் இடம் கிடைக்கும். கூண்டு கண்ணாடித் தொட்டியாக இராமல், காற்றோட்டமுள்ள வலைக்கூண்டாக இருக்க வேண்டும்.

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தெளிப்பானால் இலைகள்மேல் நீர் தெளியுங்கள். "புஸ், புஸ்" என்று இரண்டு தடவை அடித்துவிட்டுப் போய்விடக் கூடாது. குறைந்தது இரண்டு நிமிடமாவது, பழகாத பிராணிக்கு ஐந்து நிமிடமாவது, மெல்லிய தூறல் போலத் தெளிக்க வேண்டும். ஏனென்றால் முதல் துளி விழுந்ததும் பச்சோந்தி குடித்துவிடாது. சிறிது நேரம் தயங்கும். கண்ணைச் சுழற்றிப் பார்க்கும். "மழைதான்" என்று நிச்சயமான பிறகே நாக்கை நீட்டும். தண்ணீர் கைக்கு இதமாக இருக்கட்டும். குளிர்பெட்டித் தண்ணீர் வேண்டாம். முகத்தின்மேல் நேராக அடிக்கவும் வேண்டாம்.

இங்கே தோட்டத்து மக்களுக்கு ஓர் எச்சரிக்கை. களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ அடித்த பம்பைக் கழுவிவிட்டு இதற்குப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அதில் நஞ்சு ஒட்டியிருக்கும். இந்தப் பிராணிக்கு மட்டுமா? அந்தப் பம்பில் குடிதண்ணீர் பிடிப்பதும், பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவதும் மனித உயிருக்கே ஆபத்து. மருந்தடித்த காட்டில் பிடித்த வெட்டுக்கிளியைத் தீனியாகக் கொடுப்பதும் அதே தவறுதான்.

தெளிப்பதோடு, சொட்டுத் தண்ணீரும் வைக்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு சுத்தமான பிளாஸ்டிக் குவளையின் அடியில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கூண்டின் மேல் வையுங்கள். நொடிக்கு ஒரு துளி, அல்லது இரண்டு நொடிக்கு ஒரு துளி, மேல் இலையில் விழுந்து அடுத்த இலைக்குச் சொட்டட்டும். மரத்தில் பால் சொட்டுச் சொட்டாக மங்கில் விழுவதைப் போலத்தான். கீழே விழும் தண்ணீரைப் பிடிக்க ஒரு தட்டு வேண்டும்.

அந்தத் தட்டைத் தினமும் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பது உங்களுக்குத் தெரியும். பச்சோந்திக்குத் தண்ணீர் வைக்கப் போய், வீட்டில் உள்ளவர்களுக்கு டெங்கிக் காய்ச்சலை வரவழைத்துக்கொள்ளக் கூடாது. சிங்கப்பூரில் வீட்டுக்குள் கொசு பெருக இடம் கொடுத்தால் அபராதமும் உண்டு.

தண்ணீரைத் திறந்துவிட்டதும் அருகில் நின்று உற்றுப் பார்க்காதீர்கள். பச்சோந்தி கூச்சமுள்ள பிராணி. மனிதனைக் கண்டால் கிளையின் மறுபக்கம் திரும்பி ஒளிந்துகொள்ளும். குடிக்கும்போது ஓர் எதிரி வந்தால் தப்ப முடியாது என்பது அதன் அச்சம். எனவே தூரத்தில் போய் உட்காருங்கள். பத்து நிமிடம் சத்தமில்லாமல் இருந்தால், தலையை உயர்த்தி, நாக்கால் இலையை நக்கி, தொண்டை அசைய அசைய அது குடிப்பதைக் காண்பீர்கள்.

ஒரு வேளை தெளித்த ஈரம் அடுத்த வேளைக்குள் காய்ந்துவிட வேண்டும். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் நெஞ்சில் சளி கட்டி, மூச்சுத் திணறி, அதனாலும் பிராணி இறந்துபோகும். நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவதுதான் காட்டின் இயல்பு.

கடைசியாக ஒன்று. குடிக்காத பிராணியின் வாயைப் பலவந்தமாகத் திறந்து, ஊசி மருந்துக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். இது மிகவும் ஆபத்தான செயல். ஊர்வனவற்றின் மூச்சுக்குழல் வாய், நம்மைப் போலத் தொண்டைக்குள் ஆழத்தில் இல்லாமல், வாயின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. அவசரத்தில் பீய்ச்சும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். கண் குழிந்து, நிறம் கறுத்து, பிடி தளர்ந்துவிட்ட பிராணியை மிருக வைத்தியரிடம் கொண்டு செல்வதே முறை.

நேயர்களே, நான் சொன்னது எவ்வளவு உண்மை என்பதற்கு, உலகம் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். 1972ஆம் ஆண்டு. பசிபிக் மாகடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில், பிராணிக் கடைக்காரர் ஒருவர் ஆப்பிரிக்காவின் கென்யாவிலிருந்து சில டஜன் பச்சோந்திகளை வரவழைத்தார். மூக்கின்மேலும் கண்களின்மேலுமாக மூன்று கொம்புகள் உடைய இனம் அது. நீண்ட பயணத்தில் அவை மெலிந்து, நீர் வற்றி, சாகும் நிலையில் வந்து சேர்ந்தன. அவற்றைத் தேற்ற எண்ணி அவர் தம் வீட்டுத் தோட்டத்துச் செடிகளில் விட்டார். அங்கே மழை உண்டு, பனி உண்டு, இலை உண்டு, பூச்சி உண்டு. அவை பிழைத்துக்கொண்டன.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பிழைத்தவை தோட்டத்தோடு நிற்கவில்லை. வெளியே பரவிப் பெருகின. மனிதர்கள் கைபட்டு மற்றத் தீவுகளுக்கும் போயின. உலகில் வேறெங்கும் இல்லாத பூச்சிகளும் சிறு நத்தைகளும் ஹவாய்க் காடுகளில் உள்ளன. பச்சோந்திகள் அவற்றையும் தின்னத் தொடங்கின. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அவற்றை ஒழிக்க முடியவில்லை.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஈரமான இலை கிடைத்தால் பச்சோந்தியைக் குடிக்க வைக்க யாரும் கெஞ்ச வேண்டியதில்லை என்பது ஒன்று. தனக்குரிய நாட்டை விட்டுக் கொண்டுவரப்பட்ட பிராணியை இரக்கத்தால்கூட வெளியே விட்டுவிடக் கூடாது என்பது மற்றொன்று. சிங்கப்பூரின் பச்சை ஓணானுக்கு நேர்ந்ததைச் சற்று முன் சொன்னேன் அல்லவா? அதை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இனி, சட்டத்தைப் பற்றிக் கூற வேண்டும். இதைப் பெரியவர்கள் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன்.

சிங்கப்பூரில் பச்சோந்தியை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. பாம்பு, உடும்பு, இகுவானா எதற்கும் அனுமதி இல்லை. ஊர்வனவற்றில் ஆமை வகையில் ஒன்றிரண்டுக்கு மட்டுமே அங்கே இடமுண்டு. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பிராணிகள் தொடர்பான பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்திடம் உள்ளது. சந்தைகளில் விற்கப்படும் பச்சோந்தி இனங்களில் மிகப் பெரும்பாலானவை அனைத்துலக வாணிப உடன்படிக்கையின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. அத்தகைய பிராணியை அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லைக்குள் கொண்டுவருவது, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பெருங்குற்றம். அபராதமும் சிறையும் கிடைக்கும். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வண்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பிராணிகள் பிடிபட்ட செய்திகள் பல முறை வந்திருக்கின்றன. காலுறைக்குள்ளும் டப்பாவுக்குள்ளும் அடைபட்டு வரும் அந்தப் பிராணிகளுக்கு வழியெல்லாம் ஒரு துளித் தண்ணீர்கூடக் கிடைப்பதில்லை. பிடிபடும் மனிதனுக்கோ, நாள்தோறும் பாலம் கடந்து போய்ச் சம்பாதிக்கும் வேலையே பறிபோகலாம். யாராவது ஒரு பெட்டியைக் கொடுத்து, "இதை மட்டும் அந்தப் பக்கம் சேர்த்துவிடு" என்றால், பணத்துக்கு ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். வீட்டில் உள்ள இளைஞர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டம், அங்குள்ள காட்டுப் பிராணிகளைப் பிடிப்பதையும், தீனி போடுவதையும், வேறு பிராணிகளைக் கொண்டுபோய் வெளியில் விடுவதையும் அனுமதியின்றிச் செய்யக் கூடாது என்கிறது. 2020ஆம் ஆண்டு அந்தச் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இங்கே எந்தப் பிராணியை வளர்க்கலாம், எதற்கு உரிமம் வேண்டும் என்பதைப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அங்குள்ள பச்சோந்தியைக் காக்கிறது. ஊருக்குப் போய் வரும்போது அங்கிருந்து ஒன்றைப் பிடித்துவரலாம் என்பதும் நடவாத காரியம்.

ஒருவேளை உங்கள் உறவினர் வீட்டில் ஏற்கெனவே ஒரு பச்சோந்தி இருந்தால்? பயந்துகொண்டு புதரில் விட்டுவிடச் சொல்லாதீர்கள். அதனால் ஒரு குற்றம் இரண்டு குற்றமாகும். மேலும், அந்தப் பிராணி ஒன்று மடியும், அல்லது ஹவாயில் போலப் பெருகும். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்திடம், மலேசியாவில் பெர்ஹிலித்தானிடம் தெரிவித்து ஒப்படைப்பதே சரி. ஒப்படைக்கும் நாள் வரை, முன்பு சொன்ன முறைப்படி இலையில் தண்ணீர் தெளித்து உயிரைக் காப்பாற்றுங்கள். சட்டம் எதுவாயினும், கூண்டுக்குள் இருக்கும் உயிருக்குத் தாகம் தாகம்தானே?

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டு, "குத்துதே, குடையுதே" என்று அலறக் கூடாது என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். மடியில் விட்டவனுக்கு வரும் துன்பத்தைத்தான் அந்தப் பழமொழி சொல்கிறது. மடிக்குள் அகப்பட்ட ஓணானின் துன்பத்தையும் சேர்த்து நாம் நினைக்க வேண்டிய காலம் இது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஓணானின் கழுத்தில் ஈர்க்குச் சுருக்குப் போடாதீர்கள், கல்லால் அடிக்காதீர்கள், டின்னில் அடைக்காதீர்கள். டின்னில் அடைத்து வைத்திருந்தால், இன்றே பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழை விட்டதும், அல்லது காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன், லயத்து வேலியோரம் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். எந்தப் பிராணி எந்த இலையில் துளி குடிக்கிறது, நாக்கால் நக்குகிறதா, தலையைச் சாய்க்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். தேதியும் நேரமும் குறியுங்கள். ஒரு மாதம் எழுதினால், கைப்பேசிப் படத்தில் காணாத பல செய்திகள் உங்கள் கையெழுத்தில் இருக்கும்.

சிங்கப்பூருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், கடைத்தெருவோடு திரும்பிவிடாமல் பூமலைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். நமக்கெல்லாம் சோறு போட்ட ரப்பர் மரக் கன்றுகள் 1877ஆம் ஆண்டு வந்து இறங்கிய தோட்டம் அது. 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி என்ற தோட்ட இயக்குநர், மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை அங்கேதான் ஆராய்ந்து கண்டார். அந்தத் தோட்டத்தின் செடிகளிலும் மரங்களிலும் ஓணான்களைக் காணலாம். அயல்நாட்டு ஊர்வனவற்றைப் பார்க்க விரும்பினால், மண்டாயில் 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விலங்குத் தோட்டம் இருக்கிறது. ஒரு நாள் பார்த்து மகிழ்ந்துவிட்டு, நிம்மதியாக வீடு திரும்பலாம்.

இதுவரை கூறியவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். பச்சோந்திக்குக் கிண்ணத்துத் தண்ணீர் தண்ணீராகத் தெரியாது. இலையில் அசையும் துளியே அதன் தண்ணீர். கண் குழிவதும், எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறமாவதும் தாகத்தின் அடையாளங்கள். காலையும் மாலையும் இலைமேல் தூறல் போலத் தெளித்து, சொட்டுத் தண்ணீர் வைத்து, விலகி நின்றால் அது குடிக்கும். வாயைத் திறந்து ஊற்றக் கூடாது. மருந்துப் பம்பைத் தொடக் கூடாது. தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும். சிங்கப்பூரில் அதை வளர்க்கக் கூடாது; எல்லை கடந்து கொண்டுபோகக் கூடாது; வெளியில் விட்டுவிடவும் கூடாது.

குடிக்காத பிராணியைப் பிடிவாதம் பிடிக்கிறது என்று திட்டுவது எளிது. அதற்குத் தண்ணீர் எந்த உருவத்தில் தெரியும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தவனே அதைக் காப்பாற்றுகிறான். பாடம் ஏறாத பிள்ளையைப் பற்றியும் வகுப்பறையில் நான் இப்படித்தான் எண்ணிக்கொள்வதுண்டு.

நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில், இலை நுனியில் நிற்கும் பனித்துளியை ஒரு முறை பாருங்கள். அது ஏதோ ஓர் உயிருக்கு அன்றைய குடிதண்ணீர்.